முகத்தில் கட்டிய துணி: ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு இது. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் வேண்டாம். வீட்டின் முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். 2020 ஏப்ரலில் ரவிக்கை தைக்க யாரும் வராமல் மிஷின் சும்மா கிடந்தபோது, கைவசம் இருந்த லைனிங் துணியிலும் வெட்டுத் துண்டுகளிலும் முகக்கவசம் தைக்க ஆரம்பித்தாள். முதலில் தெருவுக்கு, பிறகு சுய உதவிக் குழு வழியாக ஆர்டருக்கு. "டீச்சர், துணி மாஸ்க்கால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு ஒரு வீடியோல சொல்றாங்க. அப்போ நாங்க தைச்சது பூரா வீண்தானா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மாமாவும் நான் தைச்சதைத்தான் போட்டிருந்தாங்க" என்றாள். அவள் மாமனார் 2021 மே மாதம், இரண்டாவது அலையில் போனவர்.

இது போனில் ஒரு வரியில் சொல்லும் விஷயமா? எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன். நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவள். அதனால் வரலாறு வழியாகத்தான் வருவேன். பொறுமை வேண்டும்.

வாயைத் துணியால் மூடுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. சமணத் துறவிகளில் ஸ்தானகவாசி மரபினர் எப்போதும் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். காற்றில் உள்ள சின்ன உயிர்களுக்குத் தங்கள் மூச்சாலும் பேச்சாலும் தீங்கு வரக்கூடாது என்பதற்காக. யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகத்தான் பூசை செய்வார். கதிர்காமத்திலும் அப்படியே. யாழ்ப்பாணத்து உறவினர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த இரண்டு இடத்திலும் துணி கட்டியவரைக் காப்பாற்ற அது கட்டப்படவில்லை. எதிரில் இருப்பதை என் மூச்சிலிருந்து காப்பாற்றத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

மருத்துவத்திலும் கதை அப்படித்தான் தொடங்கியது. 1897-ல், அப்போது ஜெர்மனியிலும் இப்போது போலந்திலும் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில், கார்ல் ஃப்ளூகே என்பவர் நாம் சாதாரணமாகப் பேசும்போதே கண்ணுக்குத் தெரியாத துளிகள் கிருமியோடு தெறிக்கின்றன என்று காட்டினார். அதே ஊரில் அறுவை சிகிச்சை செய்து வந்தவர் யோஹான் மிகுலிச். அவர் உடனே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை எடுத்து, மூக்கு, வாய், தாடி எல்லாம் மறையும்படி கட்டிக்கொண்டு அறுவைக்குப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸில் பால் பெர்ஜே என்ற மருத்துவரும் தொடங்கினார். இங்கேயும் நோக்கம், நோயாளியின் திறந்த வயிற்றில் மருத்துவரின் எச்சில் விழக்கூடாது என்பதுதான்.

மிகுலிச் எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கிருமியைப் பற்றி எழுதியவர், போட்டுக்கொண்டவரின் சௌகரியத்தையும் சேர்த்து எழுதினார். தெருவில் போகும் சீமாட்டி முகத்திரைக்குள் மூச்சு விடுவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது என்ற பொருளில். முகக்கவசம் பிறந்த வருடமே "மூச்சு விட முடிகிறதா" என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. அடுத்த நூறு வருடக் கதையும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இனி பினாங்கு. அங்கே இருந்து இதைப் படிக்கும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரலாம், உங்கள் ஊர்க்காரர்தான் கதாநாயகன். வூ லியன் டே, 1879-ல் பினாங்கில் பிறந்த சீனர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜ் போய் மருத்துவரானவர். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் ஹார்பின் நகரத்தில் பிளேக் பரவியபோது சீன அரசு இவரை அனுப்பியது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும் ஊர். பிளேக் என்றால் எலி, எலியின் மேல் தெள்ளுப்பூச்சி என்றுதான் அப்போது எல்லா மருத்துவர்களும் படித்திருந்தார்கள். வூ, இது நுரையீரல் பிளேக், மனிதனின் மூச்சிலிருந்து மனிதனுக்குப் போகிறது என்றார். ஆகவே எல்லாரும் வாய், மூக்கை மூட வேண்டும் என்றார். மருத்துவர் மட்டுமில்லை, பிணம் தூக்குகிறவர், சிப்பாய், ஊர் மக்கள் எல்லாரும்.

அப்போது அங்கே வந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இந்த இளம் சீனர் சொல்வதை அவர் ஏற்கவில்லை. முகத்தை மூடாமலேயே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் பிளேக்கிலேயே இறந்தார். அதன் பிறகு ஹார்பினில் துணி கட்டாத முகம் அரிதாயிற்று.

வூ செய்த கவசத்தை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், பத்து நிமிட வேலை. ஏறத்தாழ 3 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் காஸ் துணி. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, நடுவில் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் பஞ்சு வைக்க வேண்டும். இரண்டு முனையிலும் கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் மூன்று வால் கிடைக்கும். ஒரு ஜோடி காதுக்கு மேலே போய்ப் பின்னால் முடிச்சு, ஒரு ஜோடி கீழே கழுத்துப் பக்கம், நடு ஜோடி உச்சந்தலைக்கு. ஊசி இல்லை, நூல் இல்லை. மூக்கின் இரு பக்கமும் தாடையின் அடியிலும் இடைவெளி விடாமல் இழுத்துக் கட்டுவதில்தான் சூட்சுமம். அந்தக் கொள்ளைநோயில் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். 1911 வசந்தத்தில் அது அடங்கியது. ரயிலை நிறுத்தியது, தனிமைப்படுத்தியது, பிணங்களை எரித்தது எல்லாம் சேர்ந்துதான் அடக்கின. கவசம் மட்டும் என்று சொன்னால் அது வரலாறு இல்லை. வூ 1960-ல் பினாங்கிலேயே காலமானார்.

ஹார்பினுக்கு ஏழு வருடம் கழித்து உலகம் முழுக்கவே இந்தச் சோதனை வந்தது. 1918 இன்ஃப்ளூயென்சா. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் அக்டோபர் கடைசியில் முகக்கவசம் கட்டாயமானது. செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து காஸ் துணியில் தைத்துக் குவித்தார்கள். போடாதவர்களுக்கு அபராதம், சிலருக்குச் சிறை. நவம்பர் 21 நண்பகலில் சங்கு ஊதியதும் ஊரே முகத்திலிருந்து பிய்த்து எறிந்தது. நடைபாதை முழுக்கத் துணி. ஜனவரியில் நோய் திரும்ப வந்து சட்டமும் திரும்ப வந்தபோது, முகக்கவச எதிர்ப்புச் சங்கம் என்றே ஒன்று தொடங்கிவிட்டார்கள். 2020-ல் நம் தெருமுனையில் நடந்த சண்டை எதுவும் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சுருட்டு பிடிக்கக் கவசத்தில் ஓட்டை போட்டுக்கொண்டவர்களும் அங்கே இருந்தார்கள்! அழகுக்காக மெல்லிய ஷிஃபான் திரை கட்டிக்கொண்ட பெண்களும் இருந்தார்கள்.

பிறகு கணக்குப் பார்த்தார்கள். கலிஃபோர்னியா சுகாதார வாரியத்தைச் சேர்ந்த வில்ஃப்ரெட் கெல்லாக் பரிசோதனை செய்து 1920-ல் எழுதினார். அவர் வந்த முடிவு தையல் தெரிந்த யாருக்கும் சட்டென்று புரியும். காஸ் துணி சல்லடை மாதிரி. கிருமியைத் தடுக்க வேண்டுமானால் பல மடிப்பு போட வேண்டும். பல மடிப்பு போட்டால் மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் காற்று துணி வழியாகப் போகாமல் ஓரத்து இடைவெளி வழியாகப் போய்விடும். ஆக மொத்தம் கவசம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஹார்பினில் வென்றது, சான் பிரான்சிஸ்கோவில் ஏன் தோற்றது என்று கேட்டால், என் கணிப்பில் பாதிக் காரணம் இந்தப் பொருத்தம்தான். மீதிப் பாதி, சாவு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டில்? 1918 ஜூனில் பம்பாயில் இறங்கிய அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் இறந்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். உலகிலேயே அதிகம். அதே 1918 செப்டம்பரில் அரிசி விலையும் துணி விலையும் ஏறியதால் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. மாற்றுச் சேலைக்கு வழியில்லாதவர்களிடம் முகத்துக்குத் துணி கட்டு என்று யார் சொல்லியிருக்க முடியும்? நம் பாட்டிமார் கதைகளில் அந்தக் காய்ச்சல் வரும், முகக்கவசம் வராது.

இடையில் ஒரு நாற்பது வருடத்தைத் தாண்டிவிடுகிறேன். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் சாரா லிட்டில் டர்ன்புல் என்று ஒரு அம்மா. வீட்டு அலங்காரப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். த்ரீ எம் நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போய், நெய்யாத செயற்கை இழைத் துணியை அச்சில் அழுத்திப் பெண்களின் உள்ளாடைக்குக் கிண்ணம் செய்யும் யோசனையில் வேலை செய்தார். அந்த நேரத்தில் நோயுற்ற சொந்தக்காரர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்தது. அங்கே மருத்துவர்கள் தட்டையான கவசத்தின் நாடாவைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்ததைக் கவனித்தார். அந்தக் கிண்ண வடிவம்தான் 1961-ல் குமிழ் மாதிரி முகக்கவசமாக வந்தது. அந்த வழியில் வந்ததுதான் 1972-ல் அங்கீகாரம் பெற்ற என்-95 வகை. பெரிய ஆராய்ச்சிக்கூடம் கண்டுபிடித்ததாகத்தான் எல்லாரும் நினைக்கிறோம். உடுப்பு உடம்பில் எப்படி உட்கார வேண்டும் என்று தெரிந்த ஒரு பெண்ணின் கண்ணும் அதில் இருக்கிறது.

1960களிலிருந்து ஒருமுறை போட்டுக் கழற்றி எறியும் கவசங்கள் வந்தன. துவைத்துக் கட்டும் துணிக் கவசம் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து மெல்ல மறைந்தது. எல்லாரும் மறந்தும் போனார்கள்.

பிறகு 2020. கடையில் கவசம் இல்லை, இருந்ததும் மருத்துவர்களுக்கே போதவில்லை. ஐரோப்பாவில் செக் நாடு மார்ச் நடுவிலேயே முகம் மூடுவதைக் கட்டாயமாக்கியது. வாங்கக் கடையில் இல்லாததால் நாடே வீட்டில் உட்கார்ந்து தைத்தது. மார்ச் கடைசியில் நம் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், வீட்டில் எப்படித் தைப்பது என்று படம் போட்டு ஒரு கையேடு வெளியிட்டது. தையல் மிஷினோடும் தைக்கலாம், மிஷின் இல்லாமலும் செய்யலாம், துவைத்த பிறகு பிரஷர் குக்கரில் 10 நிமிடம் கொதிக்க வைக்கலாம் என்றெல்லாம். அரசாங்கக் கையேடு ஒன்றில் குக்கர் வந்ததைப் படித்து நான் சிரித்தேன். ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவும் அதையே சொன்னது: 10 அங்குலத்துக்கு 6 அங்குலம் பருத்தித் துணி இரண்டு, 6 அங்குல எலாஸ்டிக் இரண்டு. ஜூன் 5-ல் உலக சுகாதார நிறுவனம் மூன்று அடுக்கு வேண்டும் என்றது: உள்ளே பருத்தி, நடுவில் நெய்யாத பாலிபுரொப்பிலீன், வெளியே ஈரம் பிடிக்காத துணி.

இதற்கு முன்பே, 2013-ல், இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்திருந்தது. 21 பேரைப் பருத்தி டி-ஷர்ட்டில் தாங்களே கவசம் தைத்துப் போடச் சொல்லிச் சோதித்தார்கள். வீட்டுச் சாமான்களில் நன்றாக வடிகட்டியது வாக்குவம் கிளீனரின் பை. ஆனால் அதன் வழியாக மூச்சு விடுவது கஷ்டம். வடிகட்டுவதையும் மூச்சு விடுவதையும் சேர்த்துப் பார்த்தால் தேறியவை டி-ஷர்ட்டும் தலையணை உறையும். அப்படியும் ஆஸ்பத்திரிக் கவசம் அதைவிட மூன்று மடங்கு நன்றாகத் தடுத்தது. மிகுலிச், கெல்லாக், பிறகு இது. கேள்வி மாறவே இல்லை பாருங்கள்.

இந்தக் கேள்விக்கு நம் தெருத் தையல்காரப் பெண்கள் சத்தமில்லாமல் பதில் தேடினார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் எல்லாரும் தட்டையான சதுரம் தைத்தார்கள். பேசினால் மூக்கிலிருந்து இறங்கிவிடும். பிறகு சேலைக் கொசுவம் மாதிரி மூன்று மடிப்பு வைத்தார்கள், வெளிப்பக்கம் மடிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி, தூசி தங்காமல். பிறகு ரவிக்கைக்கு டாட் பிடிக்கிற கை வேலை செய்தது. நடுவில் வளைவாக வெட்டி இணைத்ததும் துணி உதட்டில் ஒட்டாமல் கூடாரம் மாதிரி நின்றது. பிரெட் பாக்கெட் வாயில் சுற்றியிருக்கும் கம்பியை மூக்குப் பட்டிக்குள் வைத்துத் தைத்தார்கள். கண்ணாடி போட்ட என் போன்றவர்களுக்குப் பனிமூட்டம் குறைந்தது. கடை அடைப்பில் எலாஸ்டிக் கிடைக்காமல் போனபோது பனியன் துணியைக் கீறி இழுத்தால் சுருண்டு கயிறாகிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். அதுவும் இல்லாதவர்கள் பாவாடை நாடா. நாடாவைத் தலைக்குப் பின்னால் கட்டுவது காது வலிக்காது, எலாஸ்டிக்கைவிட இறுக்கமாகவும் நிற்கும். வூ லியன் டே 1911-ல் கட்டிய அதே கட்டு. அவர்களுக்கு வூவைத் தெரியாது.

துணித் தேர்விலும் அப்படித்தான். புது வாயில் துணி சல்லடை. பனியன் துணி இழுபட்டால் கண் திறந்துகொள்ளும். அடர்த்தியாக நெய்த பழைய பருத்திச் சேலை, பலமுறை துவைத்து இழை நெருங்கியது, இரண்டு அடுக்கு, உள்ளே லைனிங். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பில் தாத்தாவின் கவசம் பேரனுக்குத்தான் ஆகும்.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரவிக்கைக்குப் பொருத்தமான கவசம், கல்யாணத்துக்குப் பட்டுக் கவசம், மணமக்கள் பெயர் போட்ட கவசம் என்று வந்தபோது, "சாவு வீட்டிலும் அலங்காரமா" என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டார்கள். யார் என்று சொல்ல மாட்டேன், பெரிய மதினிக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் இல்லை. தாடையில் தொங்கும் கவசம் யாரையும் காப்பாற்றாது. பிடித்த நிறத்தில், மூச்சு முட்டாமல், காது வலிக்காமல் இருந்தால்தான் பள்ளிப் பிள்ளை அதை மத்தியானம் வரை போட்டிருக்கும். கண்ணி கண்ணியாக வலைத் துணியில் தைத்தது வேறு விஷயம். அது 1918 ஷிஃபானின் பேத்தி, அவ்வளவுதான்.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கண்ணே, வீடியோவில் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. வியட்நாம் ஹனோயில் 14 மருத்துவமனைகளில் 1,607 சுகாதாரப் பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. துணிக் கவசம் போட்டவர்களுக்கு, மருத்துவக் கவசம் போட்டவர்களைவிட அதிகம் தொற்று வந்தது. ஆனால் அதே ஆய்வாளர்கள் 2020-ல் பழைய கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, ஆஸ்பத்திரிச் சலவையில் துவைத்த துணிக் கவசம் போட்டவர்கள் மருத்துவக் கவசம் போட்டவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். தாங்களே கையில் அலசிப் போட்டவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அடுத்து, வங்கதேசத்தில் 600 கிராமங்களில் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வு. மருத்துவக் கவசம் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. துணிக் கவசம் கொடுத்த கிராமங்களில் சுமார் 5 சதவீதம். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. மருத்துவக் கவசம் கிடைக்கும் இடத்தில் துணியைவிட அது மேல். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் 2020 ஏப்ரலில் உன் தெருவில் எதற்கும் துணிக்கும் இடையே போட்டி இல்லை. துணி, இல்லையென்றால் வெறும் முகம். துணி முதலில் செய்வது, போட்டவர் வாயிலிருந்து தெறிப்பதைப் பிடித்து வைப்பது. சந்நிதிப் பூசகரும் மிகுலிச்சும் கட்டிய காரணம் அதுதான். போட்டவருக்குள் போவதைத் தடுப்பதில் அதன் பலம் குறைவு. நீ தைத்ததால் எந்த வீட்டில் யாருக்குத் தொற்றாமல் போனது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வராமல் போன நோய்க்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. மாமாவுக்கு எங்கே, யாரிடமிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 2021 மே மாதம் முழுப் பாதுகாப்பு உடுப்போடு வேலை செய்த மருத்துவர்களும் இறந்தார்கள். உன் தையல் அவரைக் கைவிட்டது என்பதற்கு நான் படித்த எதிலும் ஆதாரம் இல்லை.

கடைசியாக எல்லாருக்கும் ஒரு வேலை. வரலாற்று டீச்சர் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடுவாளா? வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அப்போது வீட்டில் தைத்த முகக்கவசங்களையும் சேகரித்து வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பீரோவில், மிஷின் பெட்டியில் ஒன்றாவது கிடக்கும். தூக்கிப் போடாதீர்கள். நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு காகிதத்தில் யார் தைத்தது, எந்த மாதம், எந்தச் சேலையில் என்று எழுதி அதோடு மடித்து வையுங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், துணியில் இறங்கும், பென்சில் போதும். முடிந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள், நானும் என்னுடையதைப் போடுகிறேன். அம்மாவின் பழைய சுங்குடியில் தைத்தது, நாடா மட்டும் நிறம் மாறி இருக்கும்.